வன்தட்டுக்கும் நாடி உண்டு

குடும்பத்தின் நினைவுகளை நம் முன்னோர் எங்கே வைத்துக் காத்தனர்? மரப்பெட்டியில், பட்டுச் சேலையின் மடிப்புக்கு அடியில், திருமணப் படம் ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தது. முதல் நற்கருணைப் படம் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கியது. பிள்ளைகள் பிறந்த நாளும் திருமுழுக்குப் பெற்ற நாளும் செபப் புத்தகத்தின் கடைசித் தாளில் மையால் எழுதப்பட்டிருந்தன. கறையானும் ஈரமுமே அவற்றின் பகைவர். அப்பகைவரைக் கண்ணால் காண இயன்றது. வெயிலும் வேப்பிலையும் மருந்தாயின.

இன்று அந்நினைவுகள் இடம் மாறிவிட்டன. உள்ளங்கை அகலமுள்ள ஒரு பெட்டிக்குள் இருபது ஆண்டுக் காலப் படங்களும், மறைந்த பெற்றோரின் குரலும், பிள்ளைகளின் கல்விச் சான்றுகளின் படிகளும், நிலப்பத்திரத்தின் நகலும் அடங்கிக் கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க் என்று யாவரும் வழங்கும் வன்தட்டே அப்பெட்டி. பங்கு அலுவலகங்களிலும் இதே நிலைதான். திருமண, திருமுழுக்குப் பதிவேடுகளைப் பங்குக்குரு எழுதிக் காக்க வேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே பணித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆவது சட்டமும் அக்கடமையை உறுதி செய்து, பழைய ஏடுகளையும் கவனமாய்ப் பேணுமாறு கேட்கிறது. அவ்வேடுகளின் பட்டியல்களும் படிகளும் இக்காலத்தில் பல பங்குகளில் கணிப்பொறியில் ஏறியுள்ளன.

இப்பெட்டி நோயுறும்போது என்ன செய்வது? நோயுற்றது என்பதை எவ்வாறு அறிவது? பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தி இது என்று ஒதுக்கிவிட முடியாது. காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுமுன் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள் அன்றோ? அவ்வளவு அறிவு ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். ஏனெனில், வன்தட்டின் நோயில் பெரும் இழப்பு பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார் செய்யும் காரியங்களால் விளைகிறது.

பெட்டியின் உள்ளே

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் உலகுக்கு அளித்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுழன்ற அந்த இயந்திரம் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. அத்தனை பெரிய உடலில் அது தாங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. கைபேசியில் எடுக்கும் இரண்டொரு படங்களுக்கே இன்று அவ்விடம் போதாது. உடல் சிறுத்துக் கொள்ளளவு பெருகியதேயன்றி, உள்ளே நிகழும் செயல் மாறவில்லை.

அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தட்டின்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு உள்ளது. மேசைக் கணிப்பொறியின் தட்டுகள் பல நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது நொடிக்கு 120 சுற்று. அப்போது மூன்றரை அங்குல வகைத் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல், ஒரு கையின் நுனியில் அமைந்த சிறு தலை ஒன்று, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்துகொண்டு எழுத்துகளை எழுதவும் படிக்கவும் செய்கிறது. புதிய தட்டுகளில் தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி 10 நானோமீட்டருக்கும் குறைவு. மனிதத் தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 70,000 நானோமீட்டர். ஒரு மயிரிழை அத்தலையின் பாதையில் கிடந்தால் அது மலைபோன்ற தடை என்பதை இதனால் உணரலாம்.

பெரும்பாலான தட்டுகளின் மூடியில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளையும், அதை மூடாதீர் என்னும் எச்சரிக்கையும் இருப்பதைக் காணலாம். உள்ளும் புறமும் காற்றழுத்தம் ஒத்திருக்க அமைக்கப்பட்ட மூச்சுத்துளை அது. அதன் உட்புறம் தூசியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. ஹீலியம் வாயு நிரப்பி முற்றிலும் அடைக்கப்பட்ட பெரிய தட்டுகளில் மட்டும் அத்துளை இராது.

தட்டின் மேற்பரப்பு சிறு சிறு கட்டங்களாய்ப் பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றைச் செக்டார் என்பர். முன்பு ஒரு கட்டம் 512 பைட் கொண்டது. இன்றைய தட்டுகளில் 4,096 பைட் கொண்ட கட்டங்களே வழக்கு. ஒவ்வொரு கட்டத்தோடும் பிழை திருத்தும் குறிப்பு ஒன்று சேர்த்து எழுதப்படுகிறது. சிறு பிழை நேரின் தட்டு தானே திருத்திக்கொள்ளும். திருத்த இயலாத அளவு ஒரு கட்டம் கெட்டால், உற்பத்தியின்போதே ஒதுக்கப்பட்ட உபரிக் கட்டங்களுள் ஒன்றை அதற்கு மாற்றாக அமைத்துக்கொள்ளும். ஆகவே, வீட்டார்க்குத் தெரியாமலே ஒரு தட்டு நெடுநாள் நோயோடு போராடிக்கொண்டிருக்கக் கூடும்.

நோயை வகுத்தறிதல்

நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று முறையாய் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வன்தட்டுக்கும் இம்முறை முற்றிலும் பொருந்தும். அதன் நோய்களை நான்காய் வகுக்கலாம்.

முதலாவது, புறநோய். தட்டு நலமாயிருக்க, அதற்கு மின்சாரம் தரும் கம்பியோ, செய்தி கடத்தும் கேபிளோ, பொருத்தும் துளையோ பழுதாவது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிப்பது நாம் அறிந்ததே.

இரண்டாவது, ஒழுங்கு நோய். தட்டின் உடலில் குறையில்லை. ஆனால் எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் பட்டியல் சிதைந்துவிட்டது. நூலகத்தில் நூல்கள் அனைத்தும் இருக்க, அட்டவணை மட்டும் கிழிந்துபோன நிலை எனலாம். மின்தடையின்போதும், முறைப்படி விடுவிக்காமல் கேபிளை உருவும்போதும் இது நேரும்.

மூன்றாவது, மேற்பரப்பு நோய். கட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் படிக்க இயலாதவையாகின்றன.

நான்காவது, உறுப்பு நோய். தலை பழுதாவது, சுழற்றும் மோட்டார் இறுகுவது, வெளிப்புற மின்பலகை கருகுவது ஆகியவை இதில் அடங்கும்.

முதல் இரண்டில் உள்ளிருக்கும் செல்வம் பெரும்பாலும் பத்திரமாய் இருக்கும். மூன்றாவதில் அது நாள்தோறும் குறையும். நான்காவதில், தட்டு சுழலும் ஒவ்வொரு நிமிடமும் அழிவு வளரக் கூடும். எனவே, எந்த வகை நோய் என்று தெளியுமுன் எந்த மருந்தையும் செலுத்தலாகாது.

செவியால் அறிதல்

மருத்துவர் மார்பில் குழலை வைத்துக் கேட்பதுபோல், முதலில் தட்டின் ஒலியைக் கேட்க வேண்டும். நலமான தட்டு தொடங்கும்போது மெல்லிய சுழலொலி எழுந்து ஒரே சீராய் நிலைக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் இலேசான சலசலப்புக் கேட்கும். இவை இயல்பே.

"டிக், டிக்" என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பத் தட்டும் ஒலி கேட்டால், தலை தன் இடத்தை அறிய முயன்று தோற்று மீண்டும் முயல்கிறது என்று பொருள். தலை பழுதுற்றதன் பொதுவான அறிகுறி இது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் சிறு தட்டுகள் போதிய மின்சாரம் கிட்டாதபோதும் இவ்வாறு தட்டும். ஆதலின், நல்ல குட்டையான கேபிளைக் கொண்டு, மேசைக் கணிப்பொறியின் பின்புறத் துளையில், ஒரே ஒரு முறை இணைத்துப் பார்க்கலாம். அப்போதும் அவ்வொலி தொடர்ந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். இரண்டாம் சோதனை வேண்டா.

மெல்லிய "பீப்" ஒலியோ முனகலோ எழுந்து, சுழலொலி எழாவிட்டால், மோட்டார் சுழல முயன்றும் இயலாமல் நிற்கிறது. பெரும்பாலும் தலை தட்டோடு ஒட்டிக்கொண்டது காரணமாகலாம். உலோகத்தை உராய்வதுபோன்ற கரகரப்புக் கேட்டால், தலை தட்டின் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. இது நெருப்புப் பற்றிய வீட்டுக்கு ஒப்பானது. மின்சாரத்தை அக்கணமே நிறுத்துக. எவ்வொலியும் அதிர்வும் இல்லையெனில், மின்சாரம் வரவில்லை, அல்லது மின்பலகை கெட்டது எனக் கொள்ளலாம். மேசைமேல் வைக்கும் பெரிய தட்டுகளுக்குத் தனி அடாப்டர் உண்டு. அதற்கு மாறாக வேறொரு கருவியின் அடாப்டரை, முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிய வீடுகளில் மின்பலகை கருகியிருப்பதைக் காணலாம். 12 வோல்ட் வேண்டிய இடத்தில் மடிக்கணிப்பொறிக்குரிய 19 வோல்ட் பாய்ந்தால் அது தாங்குமோ?

கண்ணால் அறிதல்

ஒலியில் குறையில்லையெனில், கணிப்பொறி என்ன சொல்கிறது என்று காண்போம். தட்டு திரையில் தோன்றவேயில்லை என்றால், முதலில் கேபிளை மாற்றுக. பின்பு வேறு துளை. பின்பு வேறு கணிப்பொறி. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது நல்ல ஆய்வு முறை. மூன்றையும் ஒருங்கே மாற்றியவர்க்குக் காரணம் எது என்பது என்றும் தெரியப்போவதில்லை.

தட்டு தோன்றுகிறது, கொள்ளளவும் சரியாய்க் காட்டுகிறது, ஆனால் "ஃபார்மட் செய்தாலன்றிப் பயன்படுத்த முடியாது" என்று திரை கேட்கிறதெனில், பெரும்பாலும் அட்டவணை சிதைந்த ஒழுங்கு நோயே. "ஆம்" என்னும் பொத்தானை அழுத்தாதீர். கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன; அவற்றைத் தேடி எடுக்கும் செயலிகள் பல உள. அழித்துவிட்ட கோப்புகளும் அத்தகையனவே. வேறொன்று மேலே எழுதப்படும்வரை அவை தட்டில் கிடக்கும். எனவே அத்தட்டில் புதிதாக ஒன்றையும் எழுதாமலிருப்பதே முதல் மருத்துவம். மீட்புச் செயலியைக் கூட அதே தட்டில் நிறுவலாகாது.

தட்டு தோன்றுகிறது, ஆனால் ஒரு கோப்புறையைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது, சில படங்கள் பாதி தெரிந்து மீதி சாம்பல் நிறமாய் நிற்கின்றன, நகல் எடுக்கும்போது நடுவில் உறைந்துவிடுகிறது. இவை மேற்பரப்பு நோயின் குறிகள். படிக்க இயலாத கட்டத்தைத் தட்டு மீண்டும் மீண்டும் படிக்க முயல்வதால் இத்தாமதம் நேர்கிறது. கணிப்பொறிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளும் இல்லங்கள் பல. பொறுமை நற்பண்பே, இங்கே அது பொருத்தமன்று.

தட்டே எழுதும் நாட்குறிப்பு

தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு ஒன்று 1990-களின் இடைப்பகுதியிலிருந்து வன்தட்டுகளில் அமைக்கப்பட்டு வருகிறது. அதன் பெயர் ஸ்மார்ட். விண்டோஸ் கணிப்பொறியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவசச் செயலியும், லினக்ஸ் முதலியவற்றில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்பதும் இந்நாட்குறிப்பைப் படித்துக் காட்டும். நீண்ட பட்டியல் ஒன்று தோன்றும், அஞ்ச வேண்டா. சில வரிகளே நமக்குப் போதும்.

5-ஆம் எண்: மாற்றிடம் தரப்பட்ட கட்டங்களின் தொகை. 197-ஆம் எண்: ஐயத்திற்குரியவையாய்க் காத்திருக்கும் கட்டங்கள். 198-ஆம் எண்: தட்டு ஓய்வாயிருக்கையில் தானே சோதித்துப் படிக்க இயலாதவை எனக் கண்டவை. 187-ஆம் எண்: திருத்த முடியாதெனக் கணிப்பொறிக்கு அறிவித்த பிழைகள். இந்நான்கும் சுழியாய் இருப்பதே நலம். 197-இல் எண் ஒன்று தோன்றினால் அன்றே நகல் எடுக்கத் தொடங்குக. 5-இல் சிறு எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாது நின்றால் தட்டு சில காலம் வாழலாம். வாரந்தோறும் வளர்ந்தால் அதன் நாள்கள் எண்ணப்படுகின்றன.

199-ஆம் எண் வேறு வகை. கேபிளில் செய்தி கடக்கும்போது நேர்ந்த பிழைகளை அது குறிக்கும். இது வளர்ந்து மற்றவை சுழியாயிருந்தால், குற்றம் பெரும்பாலும் கேபிளிலும் இணைப்பிலுமே. சிறு செலவில் தீரும் நோய். பழைய பிழைகளின் எண்ணிக்கை அழியாது. மேலும் வளராமல் நின்றாலே குணமாயிற்று என்க. 10-ஆம் எண், மோட்டார் சுழலத் தொடங்க மறுமுயற்சி செய்த முறைகளைச் சொல்லும். இதுவும் சுழியாகவே இருத்தல் வேண்டும். 9-ஆம் எண் தட்டு உழைத்த மணிகள். இடையறாது ஓர் ஆண்டு இயங்கினால் 8,760 மணி. புதியது என்று விற்கப்பட்ட தட்டில் பல்லாயிரம் மணி காணப்படின் விற்றவரைக் கேள்வி கேட்க வேண்டும்.

சீகேட் தட்டுகளில் 1, 7 ஆகிய எண்களுக்கு நேரே மிகப் பெரிய தொகைகள் தோன்றும். அவற்றின் எழுதும் முறையே அவ்வாறானது. அதனால் கலங்க வேண்டா. வெளியில் இணைக்கும் பெட்டிகள் சில இந்நாட்குறிப்பைக் காட்டாமல் மறைப்பதும் உண்டு. அத்தகைய பெட்டியில் செயலி ஒன்றும் காட்டாவிடில் தட்டு நலம் என்று முடிவு கட்டலாகாது.

இந்நாட்குறிப்பை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் தங்கள் நிலையங்களில் இயங்கிய ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதற்பிழை கண்ட தட்டு, பிழை காணாத தட்டைவிட, அடுத்த 60 நாள்களுக்குள் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்புடையது என்பது அவர்கள் கண்ட ஓர் உண்மை. மற்றோர் உண்மை இன்னும் கவனத்திற்குரியது. இறந்த தட்டுகளுள் 56 விழுக்காட்டில், அவர்கள் வலிய அறிகுறிகளாய்க் கொண்ட நான்கினுள் ஒன்றும் முன்னரே தோன்றவில்லை. ஆகவே, எச்சரிக்கை கிடைத்தால் அதை முழுதும் நம்புக; எச்சரிக்கை இல்லை என்பதை மட்டும் நம்பாதீர். செயலி பச்சை நிறத்தில் "நலம்" என்று காட்டுவது நீண்ட ஆயுளுக்கு உறுதிச் சீட்டன்று.

செய்யத் தகாதவை

நாம் அறிந்த இரு குடும்பங்களின் அனுபவத்தை ஈண்டுக் கூறுவது பயன் தரும். இரு வீடுகளிலும் கையடக்கத் தட்டு மேசையிலிருந்து விழுந்தது. இரண்டிலும் தட்டும் ஒலி எழுந்தது. முதல் வீட்டில், மறைந்த தாயார் மாலைச் செபத்தில் செபமாலை சொல்லிய குரல் அத்தட்டில் மட்டுமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த மகன், இரண்டு நாள்கள் அதை மீண்டும் மீண்டும் இணைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கடையில் பழுதுநீக்கும் செயலியை இரவு முழுதும் ஓடவிட்டனர். காலையில் ஒலி நின்றிருந்தது, தட்டும் நின்றிருந்தது. பின்னர்த் திறந்து பார்த்த வல்லுநர், பூச்சு வட்ட வட்டமாய்ச் சுரண்டப்பட்டிருப்பதைக் காட்டி, இனி மனிதரால் ஆகாது என்றார். அம்மகன் எழுந்து வெளியே போய் நின்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் வீட்டில், கல்லூரியில் பயிலும் மகள் முதல் ஒலியிலேயே கேபிளைக் கழற்றி, தட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். செலவு மிகுதியானதால் குடும்பத்தார் மூன்று மாதம் பணம் சேர்த்தனர். மின்சாரம் ஊட்டப்படாத தட்டு அம்மூன்று மாதமும் மேலும் கெடாமல் காத்திருந்தது. இறுதியில் பெரும்பாலான படங்கள் மீண்டும் கிடைத்தன. முதல் ஒலிக்குப் பின் கடந்த மணிகளை ஒவ்வொரு வீட்டாரும் செலவிட்ட விதமே இந்த வேறுபாட்டை விளைத்தது.

ஆகவே, தகாதவற்றைச் சுருங்கச் சொல்வோம். ஒலி எழுப்பும் தட்டை மீண்டும் மீண்டும் இயக்காதீர். தட்டை மேசையில் தட்டாதீர். உறைபெட்டியில் வைத்தால் உயிர் பெறும் என்ற பழங்கதையை நம்பாதீர்; வெளியே எடுத்ததும் உள்ளே படியும் நீர்த்துளி தலைக்கும் தட்டுக்கும் பகை. மூடியைத் திறக்காதீர், அறையில் மிதக்கும் தூசி போதும் அதைக் கொல்ல. வேறொரு தட்டின் மின்பலகையை மாற்றிப் பொருத்தினால் வேலை செய்யும் என்பதும் பழைய காலத்துச் செய்தி. அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவைக் குறிப்புகள் பலகையிலுள்ள சிறு நினைவகத்தில் பொதிந்திருப்பதால், அதையும் பெயர்த்து வைத்தாலன்றிப் பயனில்லை.

விண்டோஸ் தரும் செக்டிஸ்க் கட்டளை நலமான தட்டின் அட்டவணையைச் செப்பனிட நல்லதே. சாகும் தட்டில் அதை ஏவுவது, மூச்சுத் திணறுபவரை ஓட்டப் பந்தயத்திற்கு அழைப்பதற்கு ஒப்பாகும். அது தட்டின்மீது எழுதவும் செய்வதால், மீட்கக் கூடிய கோப்புகளையும் குலைத்துவிடக் கூடும்.

செய்யத் தக்கவை

முதலில் நகல்; பிறகே பழுது பார்ப்பு. இவ்வரிசை மாறலாகாது. தட்டு தயங்கித் தயங்கியேனும் படிக்கிறது, கெட்ட ஒலி எதுவும் இல்லை என்றால், ஈடற்றவற்றை முதலில் வேறு தட்டுக்கு மாற்றுக. திரைப்படங்களும் பாடல்களும் பிற்பாடு எங்கும் கிடைக்கும். குடும்பப் படமும் பங்கின் பட்டியலும் வேறெங்கும் கிடையா.

பல இடங்களில் பிழை காட்டும் தட்டுக்கு டிடிரெஸ்கியூ என்னும் இலவசச் செயலி ஏற்றது. எளிதில் படிக்கக் கூடிய பகுதிகளையெல்லாம் முதலில் விரைந்து படியெடுத்து, இடர்ப்படும் பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, இறுதியில் அவற்றிடம் திரும்பி வருவது அதன் முறை. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நோயுற்ற தட்டுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய மற்றொரு தட்டு இதற்கு வேண்டும். எடுப்பதையும் இடுவதையும் மாற்றிக் குறிப்பிட்டால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் படியும். பழக்கமில்லாதவர் பழகியவரை அருகில் வைத்துக்கொள்வது நலம்.

உறுப்பு நோயெனின் வல்லுநரே வழி. அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தூசியற்ற அறையில்தான் தட்டைத் திறப்பீரா? மீட்க இயலாவிடில் கட்டணம் உண்டா? மீட்ட கோப்புகளின் படியை எம்மிடம் ஒப்படைத்தபின் அழித்துவிடுவீரா? மூன்றாவது கேள்வி பங்கு அலுவலகத்திற்கு மிக முதன்மையானது. மக்கள் நம்மை நம்பித் தந்த குடும்பச் செய்திகள் தட்டோடு சேர்ந்து அந்நியர் கைக்குச் செல்கின்றன என்பதை மறத்தலாகாது.

வருமுன் காத்தல்

நோய் நாடும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், இறக்காத தட்டு என ஒன்றில்லை. மேலே சொன்ன ஆண்டிலேயே கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுதோறும் 100 தட்டுகளுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது இயல்பு என்றும், சில இடங்களில் இது 13 வரை உயர்ந்தது என்றும் காட்டியது. எந்த நாளில் எந்தத் தட்டு என்று யாரும் அறியார். மணமகன் வரும் நேரம் அறியாமல் எண்ணெயோடு காத்திருந்த கன்னியரின் விவேகமே நமக்கு வேண்டுவது.

மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். இது வல்லுநர் பலரும் ஏற்ற விதி. கணிப்பொறியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையக் கிடங்கிலோ மற்றொன்று. வெளித்தட்டு எந்நேரமும் கணிப்பொறியோடு இணைந்தே கிடந்தால், இடியும் வைரஸும் இரண்டையும் ஒருங்கே கொள்ளும். நகல் எடுத்ததும் கழற்றி வைக்க. சுழலும் தட்டுக்கு மாற்றாக வந்துள்ள எஸ்.எஸ்.டி. விரைவானது, விழுந்தாலும் எளிதில் சிதையாது. ஆயினும் அது முன்னொலி எதுவுமின்றித் திடீரென மறையக் கூடும். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடப்பதற்கும் அது ஏற்றதன்று.

எடுத்த நகல் திறக்கிறதா என்று சோதிப்பது கடமையின் மறுபாதி. "டாய் ஸ்டோரி 2" என்னும் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்த 1998-இல், தவறான கட்டளை ஒன்றால் அதன் கோப்புகளிற் பெரும்பகுதி பிக்சார் நிறுவனக் கணிப்பொறிகளிலிருந்து அழிந்தது. காப்பு நகல் இருந்தது என்று எல்லோரும் நம்பினர். எடுத்துப் பார்த்தபோது அது பழுதாயிருந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிசெய்த கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த படியே அப்படத்தைக் காத்தது. உலகின் தலைசிறந்த கணிப்பொறி வல்லுநர் கூடிய இடத்திலேயே இது நேருமாயின், நம் வீடுகளில் நேராதா?

பங்குகளுக்கு ஒரு சொல். கணிப்பொறிப் பட்டியல் தேடுவதற்கு எளிது. ஆயினும் மையால் எழுதி, கையொப்பமிட்ட பதிவேட்டுக்கு அது துணையே ஆகும். திருமணத்திற்கு ஓலை வாசிக்கும் நேரத்தில் திருமுழுக்குச் சான்று கேட்டு ஓர் இளைஞன் வந்து நிற்கும்போது, தட்டு செத்துவிட்டது என்று அவனைத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமையில்லை. ஏட்டை எழுதுக, படமெடுத்து வைக்க, அப்படத்தின் நகல் வேறிடத்தில் உள்ளதா என்று ஆண்டுக்கொரு முறை கணக்கு முடிக்கும் நாளில் பார்த்துக் கையொப்பமிடுக.

இல்லங்களுக்கும் ஒரு சொல். வருகிற ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், வீட்டிலுள்ள தட்டுகளையெல்லாம் மேசையில் வைத்து, ஒவ்வொன்றின்மேலும் வாங்கிய ஆண்டையும் உள்ளிருப்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நாட்குறிப்பைத் திறந்து 5, 197, 198, 187 ஆகிய நான்கு எண்களைப் பாருங்கள். ஒன்று மட்டுமே இருப்பவற்றுக்கு இரண்டாம் படி எடுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் இவ்வேலையை நம்மைவிட விரைவாய்ச் செய்வர். அந்தப் படங்களில் இருப்பவர் யார் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது பெரியோர்தாம்.